மெய் உள்ள வாளா, மெய் இல்லாத வாளா?

ஜப்பானிய வாளின் கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே துருவேறிய இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். நகாகோ என்பார்கள். வாளைச் செய்த கொல்லர் தன் பெயரை அதில்தான் உளியால் வெட்டியிருப்பார். அந்தப் பெயர்வெட்டுக்கு ஜப்பானிய மொழியில் ‘மெய்’ என்று பெயர். நம் காதுக்கு அது உண்மை என்றே கேட்கிறது. பழைய வாள் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் சறுக்குவதும் அங்கேதான். மெய் இருக்கிறது, அதனால் வாள் மெய்யானது என்று நம்பிவிடுகிறார்கள்.

கையில் ஒரே அளவு பணம், முன்னால் இரண்டு வாள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ‘நகசோனே ஒகிசாதோ நியூதோ கொதெத்சு’ என்று தெளிவாக வெட்டியிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் பெரும்பெயர். ஆனால் சான்றிதழ் இல்லை. இன்னொன்றில் பெயரே இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் பிசென் மாகாணத்தில் செய்த வாள், பின்னாளில் அடியை வெட்டிக் குறுக்கியது. கூடவே ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் கொடுத்த தாள் இருக்கிறது. எதை எடுப்பது? நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கொதெத்சு கவசம் செய்துகொண்டிருந்தவர். ஐம்பது வயதை ஒட்டி எடோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு வந்து வாள் அடிக்கத் தொடங்கியவர். 1797-இல் வந்த வெட்டுத்திறன் பட்டியலில் உச்ச வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. அவ்வளவு புகழ் இருந்தால் போலி வராமல் இருக்குமா? ‘கொதெத்சுவைக் கண்டால் போலி என்றே எண்ணு’ என்று ஜப்பானில் சொல்லும் அளவுக்கு வந்தது. எடோ காலத்தின் கடைசியில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், கஜிஹெய் என்ற கொல்லர் பெரிய பெயர்களைப் போலியாக வெட்டுவதில் கைதேர்ந்தவராகவே பேர் வாங்கினார். அவர் கைவேலை இன்றைக்கு நூற்றைம்பது வருடப் பழசு. துருவும் அதற்கேற்ற வயதோடு இருக்கும். ‘பழசாகத்தானே தெரிகிறது’ என்பது சான்றாகாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அப்படியானால் நிஜக் கொதெத்சுவை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எழுத்து. தன் பெயரில் வரும் ‘தோரா’, அதாவது புலி என்ற எழுத்தை அவர் தொடக்கத்தில் கடைசிக் கோடு துள்ளி எழும்படி வெட்டினார். 1664 வாக்கில் பெட்டி போன்ற சதுர வடிவத்துக்கு மாறினார். அந்த மாற்றத்தோடு விளிம்பில் ஓடும் வெண்ணிற அலைக்கோடும், அதாவது ஹாமோனும், மாறியது. பிற்காலத்து வேலையில் அது ஜபமாலை மணிகளைக் கோத்தது போல உருண்டு உருண்டு போகும். ஆகவே பெட்டிப் புலி வெட்டியிருந்து, அலையில் அந்த மணி வரிசையின் சாயலே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். எழுத்தைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. எழுத்தும் இரும்பும் ஒரே வருடத்தைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் துரு. நல்ல பழைய நகாகோ கருப்பட்டி நிறத்தில் இருக்கும். விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும், தூள் ஒட்டாது. உளி போன பள்ளத்துக்குள்ளும் அதே நிறம், அதே வயது தெரிய வேண்டும். சுற்றிலும் கருப்பட்டி நிறம், எழுத்துக் குழிக்குள் மட்டும் மழையில் நனைந்த ஆணி போலச் செந்துரு என்றால் அந்தப் பெயர் பிற்பாடு வந்தது. இதனால்தான் நகாகோவை எதற்காகவும் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று ஆக்கிய நகாகோவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பல நூற்றாண்டுச் சாட்சி ஒரு மத்தியானத்தில் போய்விடுகிறது.

சரி, பெயரில்லாத வாளுக்கு வருவோம். பெயர் இல்லாததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. குதிரைமேல் இருந்து போரிட்ட காலத்து வாள்கள் நீளமானவை. பின்னாளில் இடுப்பில் செருகிக்கொள்ளத் தோதாகக் கீழ்ப்பக்கமாக வெட்டிக் குறுக்கினார்கள். வெட்டிய துண்டோடு கொல்லரின் பெயரும் போயிற்று. சில சமயம் பெயர் இருந்த சிறு தகட்டை மட்டும் அறுத்துப் புது நகாகோவில் பதித்துக் காப்பாற்றினார்கள். மசாமுனே போன்ற பெரும் கொல்லர்கள் பெயர் வெட்டியதே அபூர்வம். அதனால் ஆயுதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லும் கலை வளர்ந்தது. ஹோனாமி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த மடிப்புத் தாள்தான் ‘ஒரிகாமி’. தரத்துக்கு உத்தரவாதம் உண்டு என்பதைச் சொல்ல இன்றும் ‘ஒரிகாமி சேர்ந்தது’ என்பது அங்கே பேச்சு வழக்கு.

பெயரில்லாதது என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வாளைச் சொல்கிறேன். சன்சோமோ. மலைக்கோழியின் இறகு என்று பொருள். உவேசுகி என்ற போர்வீரர் குலத்தில் இருந்த, இச்சிமொஞ்சி என்ற கொல்லர் மரபைச் சேர்ந்த, காமகுரா காலத்து (12–14-ஆம் நூற்றாண்டு) வாள், தேசியப் பொக்கிஷம். 2020-இல் செத்தோஉச்சி நகராட்சி பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 50 கோடி யென் கொடுத்து அதை வாங்கியது. அந்த வாளில் கொல்லர் பெயர் கிடையாது. விளிம்பில் இறகுபோல விரியும் அந்த நெருப்பு அலைதான் அதன் கையெழுத்து.

1945 கடைசியில் டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, அதன்பின் காணாமல் போன, மசாமுனே செய்ததாகச் சொல்லப்படும் ‘ஹோஞ்ஜோ மசாமுனே’யும் பெயர் வெட்டாத வாள்தான். நாளைக்கே எங்காவது ஒரு பரணிலிருந்து வெளிவந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அளவும் பழைய உருப்படிவமும் பதிவில் இருக்கின்றன.

இரண்டையும் பணக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பெயர் வெட்டிய வாள் ‘கிமெய்’, அதாவது போலிப் பெயர் என்று முடிவானால் பெயருக்காகக் கொடுத்த பணம் முழுக்கப் போயிற்று. பெயரில்லா வாளில் கணிப்பு தவறினால், பெரும்பாலும் ஒரு கொல்லரிடமிருந்து அவர் சீடருக்கோ பக்கத்து மரபுக்கோ போகும். நஷ்டம்தான், ஆனால் கையில் காலத்தால் நிஜமான வாள் இருக்கிறது. அதே நேரம் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரே கொல்லர், ஒரே தரம் என்றால் குறுக்கப்படாத, பெயர் உள்ள, சான்று பெற்ற வாளுக்கே பெரும்பாலும் விலை அதிகம். பெயரில்லா வாள் அந்த உயரத்தை எட்டுவது மிக அபூர்வம்.

தாள்களிலும் கவனம் தேவை. ‘தோரோகுஷோ’ என்ற பதிவுச் சீட்டைக் காட்டி ‘அரசாங்கச் சான்று’ என்று விற்பார்கள். மாகாணக் கல்வி வாரியம் கொடுக்கும் உடைமைப் பதிவு அது. நீளம், வளைவு, துளைகள், நகாகோவில் என்ன வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான் இருக்கும். போலிப் பெயர் என்றாலும் அதை அப்படியே எழுதியிருப்பார்கள். மதிப்பீடு என்பது 1948-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் தாள். ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று படி ஏறும். 1982-க்கு முன்பு கொடுத்த பழைய தாள்களில் பெரிய பெயர் இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் ‘மறுபடி அனுப்பிப் பார்’ என்பார்கள். தாளில் பெயருக்கு முன்னால் ‘தென்’ என்ற எழுத்து இருந்தால், அந்தக் கொல்லருடையதாகக் கருதப்படுகிறது என்று பொருள். அது உறுதிமொழி கிடையாது. படித்துவிட்டு விலை பேசுங்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான நோய்களும் உண்டு. விளிம்பில் குறுக்கே ஓடும் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெயர் யாருடையதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தீயில் சிக்கி, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கெட்டியாக்கிய வாளுக்கும் மதிப்பு விழுந்துவிடும். பலமுறை சாணை பிடித்துத் தோல் தேய்ந்து உள்ளிரும்பு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

டோக்கியோவின் ரியோகோகுவில் சங்கத்தின் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று பார்த்தால் வெறும் எஃகுப் பட்டை. முழங்காலை மடக்கி, விளக்கின் ஒளி வாளின்மேல் வழுக்கி வரும் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோனால் அலையும் அதற்குள் பனித்துளி போன்ற மணிகளும் திடீரென்று எழும்பும். அங்கே பெயர்ப்பலகையைப் படிக்காமல் பத்து வாள்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் பணப்பையைத் திறப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. சங்கம் கிமெய் என்று சொல்லிவிட்டால், பெயரை அரம் போட்டு அழித்து, பெயரில்லா வாளாக மறுபடி அனுப்பும் வழக்கம் உண்டு. பொய்ப் பெயர் போனால் வாளுக்கு அதன் சொந்தத் தரத்தில் தாள் கிடைக்கலாம். ஆனால் அரம் வைத்த எழுத்து திரும்பி வராது. அதற்கு முன் நகாகோவின் இருபக்கத்தையும் தாள் வைத்து அச்செடுத்து வைத்துக்கொண்டு, வேறொரு மதிப்பீட்டாளர் குழுவிடமும் வாளைக் காட்டிவிடுங்கள்.