மணப்பெண் பொலிவு ஊசி: முற்பணம் கட்டும் முன் வாசியுங்கள்

தை, மாசியில் திருமணம் வைத்திருக்கும் வீட்டாருக்காகவே இதை எழுதுகிறேன். யாழ்ப்பாண நகரில் 'ஸ்கின் கிளினிக்' என்று பெயர்ப்பலகை மாட்டிய அழகு நிலையமொன்றில், என் தங்கைக்குச் சருமத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் குளுட்டாதியோன் ஊசி மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றினார்கள். பாதி ஏறுவதற்குள் நடுக்கம், வாந்தி. கழுத்திலிருந்து வயிறு வரை தடிப்பு. வெள்ளை அங்கி அணிந்திருந்த பெண் செய்த முதலுதவி, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டியதுதான். "முதல் தரம் எல்லோருக்கும் இப்படித்தான் அக்கா, கழிவு வெளியேறுகிறது" என்றார். ஓட்டோ பிடித்து, போதனா வைத்தியசாலைக்கு ஓடினோம்.

"என்ன மருந்து, எவ்வளவு ஏற்றினார்கள்?" என்று அங்கே வைத்தியர் கேட்டார். சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. கையோடு எடுத்து வந்த குப்பியில் ஒட்டியிருந்த தாளை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். பசை மட்டும் மிஞ்சியிருந்தது. பற்றுச்சீட்டிலோ "முக அலங்காரம் – 35,000 ரூபா". மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது உரிமையாளர் அதையே நீட்டி, "முக அலங்காரத்துக்கு வாந்தி வருமா?" என்றார். கெட்டிக்காரர்தான். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது இரண்டு வார அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ். வைத்தியர் என்று ஒருவரும் அங்கே இல்லை.

சருமத்தை வெளுப்பாக்கவென்று எந்தக் குளுட்டாதியோன் ஊசிக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்ததில்லை. இந்த மோகம் மிகுந்த பிலிப்பைன்ஸிலும் சிறுநீரக, தைராய்டு பாதிப்பையும் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையையும் சுட்டிக்காட்டி அரசே எச்சரித்திருக்கிறது. நம் நாட்டில் சட்டத்துக்கும் குறைவில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உண்டு. மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அழகு நிலையம் என்ற பெயரில் கதவைத் திறந்து உள்ளே ஊசி போடுகிறவரை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஊசி என்று யாராவது சொன்னால், இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். சபையின் இணையத்தளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். குப்பியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லி, அதற்கு முன்பே படமெடுங்கள். மருந்தின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.

தங்கை தேறிவிட்டாள். அந்த நிலையத்தின் விளம்பரமோ முகநூலில் இன்னும் ஓடுகிறது. இப்போது இரண்டு ஊசிக்கு ஒன்று இலவசமாம். அங்கே ஏற்கெனவே ஏற்றிக்கொண்டவர்கள் பற்றுச்சீட்டை எறியாதீர்கள், எங்கள் முறைப்பாட்டுடன் சேர்த்துக் கொடுக்கலாம்.