கனத்த சுமை, செம்மண் பாதை, பின்பக்க ஷாக் அப்சார்பர்: நான்கு ஆண்டு அனுபவம்

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வசிக்கும் எங்கள் குடும்பத்தின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டி, 2022 முதல் இன்றுவரை பின்பக்க ஷாக் அப்சார்பர்களில், அதாவது மேடுபள்ளத்தில் வண்டி துள்ளுவதை அடக்கும் பாகங்களில், மூன்று ஜோடியைப் பார்த்துவிட்டது. முதல் ஜோடி வண்டியோடு வந்தது. இரண்டாவது, நான் அவசரப்பட்டு வாங்கியது. மூன்றாவது ஜோடிதான் இப்போது வண்டியில் இருக்கிறது. நகருக்குள் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு இந்த அனுபவம் பெரிதாகப் பயன்படாது. கூரைவரை பொருள்களை அடுக்கிக்கொண்டு, அடுத்த எரிபொருள் நிலையம் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாதைகளில் போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் சுமையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் அதிலிருந்துதான் பிறக்கிறது. எங்கள் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,050 கிலோ. பின்தளத்தில் மூடிய பெட்டி, குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி, 80 லிட்டர் தண்ணீர், கூடுதல் டீசல் கேன்கள், இரண்டு உபரிச் சக்கரங்கள், நான்கு பேருக்கான படுக்கையும் பாத்திரமும் ஏற்றி எடை மேடையில் நிறுத்தியபோது 2,980 கிலோ காட்டியது. அதில் 1,640 கிலோ பின் அச்சின் மேல் இருந்தது. அதுவரை நான் மனக்கணக்காக வைத்திருந்த எடை இதைவிட ஏறத்தாழ 200 கிலோ குறைவு. எடை மேடைக்குப் போகாமல் ஷாக் அப்சார்பர் வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பதற்குச் சமம்.

2022 ஜூலையில் கிப் ரிவர் சாலை வழியாகச் சென்று, அங்கிருந்து பிரியும் கலும்பூரு சாலையில் மிட்செல் அருவி நோக்கித் திரும்பினோம். அந்தச் சாலைகளில் மண் நெளித்தகடு போல வரிவரியாக இறுகிக் கிடக்கும். இரு வரிகளுக்கு இடையே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு ஏறத்தாழ 30 முறை ஏறி இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் அது லட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, அந்த அசைவைச் சூடாக மாற்றுகிறது. சூடு ஏற ஏற எண்ணெய் நீர்த்துப்போகும். அதில் நுரையும் சேர்ந்துவிட்டால் பிஸ்டனுக்குத் தள்ள எதுவும் இருக்காது. எங்களுக்கு நடந்ததும் அதுவே. காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, பதினொரு மணி வாக்கில் வளைவுகளில் பின்பக்கம் மிதக்கத் தொடங்கியது. நிறுத்தி அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன். பின்பக்க ஷாக்கின் உடல் 112 டிகிரி. முன்பக்கத்தில் 70ஐத் தாண்டவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் தவறானது என்பது அப்போது தெரியவில்லை. ஷாக் மென்மையாக இருப்பதுதான் குறை என்று நினைத்து, ஊர் திரும்பியதும் கடையில் இருந்தவற்றில் மிகக் கடினமானதைக் கேட்டு வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைக் குழாயும், குறைந்த அழுத்த வாயுவும் கொண்ட வகை அது. பிஸ்டன் விட்டம் 35 மில்லிமீட்டர். நெடுஞ்சாலையில் வண்டி ஆடாமல் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 2023இல் லாவர்டனிலிருந்து யுலாரா வரை 1,100 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கிரேட் சென்ட்ரல் சாலையில்தான் அதன் குணம் தெரிந்தது. சக்கரம் கீழே இறங்கும் அசைவை, அதாவது ரீபவுண்டை, ஷாக் அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தது. ஒரு வரியின் மேல் ஏறிய சக்கரம் முழுமையாகக் கீழே இறங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். இப்படியே போகப் போகப் பின்பக்கம் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, கடைசியில் அச்சு ரப்பர் தடுப்பில் மோதத் தொடங்கியது. நான் வாங்கியது கடினமே தவிர, சூட்டைத் தாங்கும் திறன் அல்ல.

அதே சாலையில் இருக்கும் வாரகுர்னாவில் டீசல் போட நிறுத்தியபோது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வலப்பக்க ஷாக்கின் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் சீல் கசிந்து, வழிந்த எண்ணெயில் செம்மண் படிந்து, குழைத்த மருதாணி போல உடல் முழுவதும் அப்பியிருந்தது. ஷாக்கை அச்சோடு பிணைக்கும் வளையத்துக்குள் இருக்கும் கீழ்ப்புறப் புஷ்ஷின் ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கி, போல்ட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மீதி வழி முழுவதும் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. பின் இருக்கையில் பிள்ளைகள் இருக்கும்போது அந்த வேகம்கூட எனக்கு அதிகமாகவே பட்டது.

மூன்றாவது ஜோடிக்கு முன் ஆறு மாதம் பொறுமையாகப் படித்தேன், விசாரித்தேன். பில்ஸ்டீன் போன்ற மோனோட்யூப் வகையில் ஒரே குழாய்தான். மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைப்பதால் நுரை எழுவதில்லை, குழாய்ச் சுவர் வெளிக்காற்றில் நேராகப் படுவதால் சூடும் விரைவில் இறங்குகிறது. ஆனால் அந்த வெளிக்குழாயே பிஸ்டன் ஓடும் சிலிண்டரும் ஆகும். சக்கரம் வாரியடிக்கும் கல் அதில் ஒரு பள்ளம் விழவைத்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். இரட்டைக் குழாயில் அதே கல் வெளிக்குழாயை நசுக்கினாலும் உள்குழாய் பெரும்பாலும் தப்பிவிடும். தனி எண்ணெய்த் தொட்டி கொண்ட ஓல்ட் மேன் ஈமு பிபி-51 போன்றவை மிகவும் கவர்ந்தன. சக்கரம் மேலே ஏறும் அசைவுக்கான இறுக்கத்தையும் ரீபவுண்டுக்கான இறுக்கத்தையும் தனித்தனியே திருத்தலாம். எங்கள் பயணச் செலவுக்கு அது கட்டுப்படியாகவில்லை என்பதோடு, கூடுதல் இணைப்புகளோடு கற்கள் பறக்கும் பாதையில் போகவும் மனம் ஒப்பவில்லை.

கடைசியில் எடுத்தது ஃபோம் செல் வகை. இதுவும் இரட்டைக் குழாய்தான். வெளிக்குழாயில் தளர்வான வாயுவுக்குப் பதில் மூடிய நுரையறைகள் கொண்ட ஒரு உறை இருப்பதால், எண்ணெயோடு வாயு கலக்க வழியில்லை. பிஸ்டன் விட்டம் 45 மில்லிமீட்டர். 35க்கும் 45க்கும் வித்தியாசம் பத்து மில்லிமீட்டர்தான் என்று தோன்றும். பரப்பளவில் அது 65 விழுக்காடு கூடுதல். அதே விசையைக் குறைந்த எண்ணெய் அழுத்தத்தில் தர முடிகிறது, சூட்டை வாங்கிக்கொள்ளும் எண்ணெயும் அதிகம். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒரே பெயரில் விற்கும் ஷாக்கிலும் வண்டிக்கும் சுமைக்கும் ஏற்ப, எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள் வால்வு அமைப்பு வேறுபடும். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் என் இரண்டாவது ஜோடியின் கதை உங்களுக்கும் நேரலாம்.

இம்முறை ஷாக்கோடு, எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளையும் மாற்றினேன். சுமையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது ஷாக்கின் வேலை. தாழ்ந்துபோன பின்பக்கத்தை ஷாக்கால் தூக்க முடியாது. நிரந்தரமாக 300 கிலோ ஏற்றியிருக்கும் வண்டிக்கென்று கொடுக்கும் பட்டைகளைப் போட்டு, எடை மேடைச் சீட்டைக் காட்டி, அந்த ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் வால்வு அமைப்பையே கேட்டேன். பட்டைக்கும் சேஸிஸுக்கும், அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கும், நடுவே சுமை தாங்கும் காற்றுப் பை (ஏர்பேக்) வைக்கச் சிலர் சொன்னார்கள். பட்டையின் இரு முனைகளில் பகிர வேண்டிய சுமை ஒரே புள்ளியில் குவிந்து சேஸிஸ் வளைந்த வண்டிகளைக் கண்டிருப்பதால் மறுத்துவிட்டேன்.

இந்த ஜோடி இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஏறத்தாழ 9,000 மண் சாலை. 2024இல் ஹால்ஸ் கிரீக்கிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை தனாமி பாதையில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் போனபோது அளந்த மிக உயர்ந்த சூடு 94 டிகிரி. டயர் காற்றை 40 பிஎஸ்ஐயிலிருந்து 28க்கு இறக்கிய பிறகு அதுவும் 80க்கு வந்தது. காசு செலவில்லாத இந்த ஒரு வேலையை முதல் பயணத்திலேயே செய்திருந்தால், பழைய ஷாக்குகளுமே இன்னும் சில நாள் தாக்குப்பிடித்திருக்கும். சுமை இல்லாமல் நகருக்குள் ஓட்டும்போது பின்பக்கம் தூக்கிப் போடுவது உண்மை. வேகத்தடைகளில் என் மனைவி இன்றும் முகம் சுளிப்பார். ஆண்டில் பத்து மாதம் காலியாகவே ஓடும் வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கீழ்ப்புறப் புஷ்கள் ஒருமுறை மாற்றப்பட்டன. பயணத்தில் தினமும் மாலை, ஷாக்கின் உடல் ஆறிய பிறகு மேல், கீழ் போல்ட்டுகளில் ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன். தனாமியில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. உபரியாக ஒரு ஷாக்கும் நான்கு புஷ்களும் பெட்டியின் அடியில் நிரந்தரமாகக் கிடக்கின்றன. அடுத்து விலுனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை 1,850 கிலோமீட்டர் நீளும் கேனிங் ஸ்டாக் ரூட் என்ற பாலைவனப் பாதையில் போக எண்ணம். அதற்கு டீசலும் தண்ணீரும் இன்னும் நூறு கிலோவுக்கு மேல் கூடும், அனுமதி வரம்பில் எங்களுக்கு மீதமிருப்பது 70 கிலோதான். எனவே இரண்டாவது உபரிச் சக்கரத்தையும் பெரிய குளிர்பெட்டியையும் இறக்கிவிட்டு, மீண்டும் எடை மேடைக்குப் போக வேண்டியிருக்கிறது.