கூலி ஏறினால் கூடுதலாக உழைப்பார்களா: தற்காலிக உயர்வும் நிரந்தர உயர்வும்

ஒரு மாதத்துக்கு மட்டும் கூலி ஏறுகிறது என்று வையுங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பலரும் கூடுதல் ஷிப்ட் பார்ப்பார்கள். ஓய்வை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாத வரவால் வாழ்நாள் வருமானம் பெரிதாக மாறாது. அதனால் 'போதும்' என்ற எண்ணம் அவ்வளவாக எழாது.

சரி, அதே உயர்வு நிரந்தரமானால்? ஓய்வெடுக்கும் ஒவ்வொரு மணிக்கும் இழப்பு கூடுவதால் உழைக்கத் தோன்றும். கையில் பணம் புரள்வதால் வீட்டுக்குப் போகவும் தோன்றும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். வேலை நேரம் குறையக்கூட வாய்ப்புண்டு.

தற்காலிக உயர்வுக்கு எனக்குப் பிடித்த சோதனை, சூரிச் நகர சைக்கிள் கூரியர்களிடம் பொருளாதார அறிஞர்கள் ஃபேரும் கோட்டேயும் நடத்தியது. முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. நான்கு வாரங்களுக்கு, அவர்களுக்குக் கூலியாகக் கிடைக்கும் கமிஷனைச் சுமார் 25 சதவீதம் உயர்த்தினார்கள். ஷிப்டுகள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடின. ஆனால் ஒவ்வொரு ஷிப்டிலும் உழைப்பு சுமார் 6 சதவீதம் குறைந்தது. அன்றைக்கு மனதில் வைத்திருந்த தொகை சீக்கிரமே சேர்ந்துவிட்டால் மிதிக்கும் வேகம் தளரத்தானே செய்யும்!

ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் கூரியர்கள் ஷிப்டைத் தாங்களே தேர்ந்தெடுப்பவர்கள். நேரம் கட்டாயமான ஆலைத் தொழிலாளிக்கு இந்த எண்களைப் பொருத்த முடியாது.