பிளம்பி நட் பாக்கெட்: ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த நர்ஸின் விமர்சனம்

கடுமையான சத்துக்குறைவில் இருக்கும் குழந்தைகளைத் தேற்றக் கொடுக்கும் வேர்க்கடலை விழுதுதான் பிளம்பி நட். கடையில் கிடைக்கும் பொருள் இல்லை இது, அதனால் இதற்குத் தமிழில் யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. 2022 கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம், கென்யாவில் சோமாலியா எல்லைப் பக்கம் இருக்கும் தடாப் அகதி முகாமில், குழந்தைகளின் சத்துக்குறைவுப் பிரிவில் வேலை பார்த்தேன். விடிந்தால் அடைந்தால் என் கையில் இருந்தது இந்தச் சிவப்பு வெள்ளைப் பாக்கெட்தான்.

உள்ளே 92 கிராம் விழுது, 500 கலோரி. வேர்க்கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், கூடவே வைட்டமின்களும் தாது உப்புகளும். 1996-ல் பிரான்சில் ஆந்த்ரே பிரியாண்ட் என்ற குழந்தை மருத்துவரும் நியூட்ரிசெட் கம்பெனியின் மிஷேல் லெஸ்கானும் சேர்ந்து உருவாக்கியது. ருசி எப்படி என்றால், கடலை உருண்டையை மைய அரைத்து அதில் பால்பவுடரைக் கொட்டிப் பிசைந்தது போல இருக்கும், நல்ல இனிப்பு, நாக்கில் அப்பிக்கொள்ளும். பெரியவர்களுக்கு இரண்டு வாய்க்கு மேல் திகட்டிவிடும், ஆனால் நோயில் கிடக்கும் குழந்தை நக்கிச் சாப்பிடுகிறது, அதுதானே வேண்டும்.

இதன் பெரிய பலம், கலக்கத் தண்ணீர் தேவையில்லை என்பது. முன்பெல்லாம் கடுமையான சத்துக்குறைவுக்கு விசேஷப் பால்பவுடரைத்தான் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கரைத்த பால் அந்த வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், தண்ணீரே அழுக்கு என்றால் பாலே நோயாகிவிடும், அதனால் பிள்ளையை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் இன்னும் நான்கு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த தாய் எத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருப்பாள்? இந்த விழுதில் ஈரப்பசையே இல்லாததால் கிருமி வளர வழியில்லை, பிரிக்காமல் வைத்தால் இரண்டு வருடம் தாங்கும். நம் அங்கன்வாடி சத்துமாவைக்கூட தண்ணீர் விட்டுக் கிண்டவோ பிசையவோ வேண்டும், இதற்கு அடுப்பும் வேண்டாம் பாத்திரமும் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை வந்து எடை பார்த்துவிட்டு அந்த வாரத்துப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடலாம். 2007-ல் ஐ.நா. அமைப்புகளும் இந்த முறையை ஏற்றுக்கொண்டன.

ஒரு குழந்தையைச் சொல்கிறேன். ஐந்து மழைக்காலம் வரிசையாகப் பொய்த்த பஞ்சத்தில் ஆடு மாடெல்லாம் செத்து, எல்லை தாண்டி நடந்து வந்த குடும்பம். ஒன்றரை வயது, எடை 5.6 கிலோ. புஜத்தைச் சுற்றி அளக்கும் பட்டையில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் சிவப்பு, இந்தப் பிள்ளைக்கு 10.8. சேர்ப்பதற்கு முன்னால், தானாகச் சாப்பிடுகிறதா என்று எங்கள் கண்ணெதிரே பார்க்க வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு அம்மா விரல் நுனியில் துளி வைத்து, "ஹோயோ, ஹோயோ" என்று கெஞ்சினாள். ஹோயோ என்றால் சோமாலியில் அம்மா. நாம் மகளை "சாப்பிடும்மா" என்பது போல அவர்களும் பிள்ளையையே அம்மா என்பார்கள். முதலில் முகத்தைத் திருப்பியது. அப்புறம் உதட்டில் பட்டதை நக்கியது, பத்து நிமிஷத்தில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. ஒரு நாளைக்கு இரண்டரைப் பாக்கெட் என்று எழுதிக் கொடுத்தேன், ஏழாவது வாரம் அளவு பச்சைக்கு வந்துவிட்டது.

சரி, குறைகள். கலக்கத் தண்ணீர் வேண்டாமே தவிர, சாப்பிட்டால் தாகம் எடுக்கும், குடிக்க நல்ல தண்ணீர் கட்டாயம் வேண்டும். பஞ்சத்தில் அதற்குத்தானே வழியில்லை. நான் போன சமயம் முகாமில் காலரா பரவிக்கொண்டிருந்தது. நன்றாகத் தேறி வந்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாளில் பழைய எடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். குளோரின் போட்ட தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., தட்டம்மை ஊசி, கழிப்பறை எல்லாம் கூடவே வந்தால்தான் இந்தப் பாக்கெட்டின் பலன் நிலைக்கும். அப்புறம், பசியோடு மூன்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாயாலும் முடியாது, பங்கு போகத்தான் செய்யும். அதற்காகத் தாய்மாரைத் திட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். குடும்பத்துக்கே ரேஷன் கொடுத்தால் பங்கு ஏன் போகப்போகிறது?

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது, வந்து சேரும் நேரம். ஒரு பெட்டியில் 150 பாக்கெட், ஒரு பிள்ளையை முழுதாகத் தேற்ற ஏறக்குறைய ஒரு பெட்டி போதும், அப்போது விலை 40, 50 டாலர். அந்தப் பெட்டி இல்லாமல் எங்கள் மையம் ஒருமுறை மூன்று வாரம் காலியாகக் கிடந்தது. வரிசையில் நின்ற தாய்மாரிடம் அடுத்த வாரம் வாருங்கள் என்று நான்தான் சொன்னேன், இரண்டு பேர் வரவே இல்லை. 2011 சோமாலியாப் பஞ்சத்தில் ஏறக்குறைய 2,60,000 பேர் செத்தார்கள், அதில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குக் கீழே. ஐ.நா. ஜூலையில் பஞ்சம் என்று அறிவிப்பதற்கு முன்பே ஏறக்குறைய பாதிச் சாவு நடந்து முடிந்திருந்தது. 2022-ல் அந்த அறிவிப்பே வரவில்லை, அப்போதும் சோமாலியாவில் 43,000 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மழை பொய்ப்பது மாதக்கணக்கில் முன்னாலேயே தெரிகிற விஷயம், பெட்டி மட்டும் ஏன் கடைசியில் வர வேண்டும்?

பயன்படுத்தப் போகிற நர்ஸ்களுக்கு ஒன்று: வெயிலில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும், பிரிக்கும் முன் நன்றாகப் பிசைந்துவிட்டு ஓரத்தைக் கிள்ளுங்கள், இல்லையென்றால் குழந்தைக்கு முதலில் வெறும் எண்ணெய்தான் வரும். பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பால் முதலில், விழுது அதற்கப்புறம்.

என் பையன் ஒல்லியாக இருக்கிறான், இதை வாங்கலாமா என்று ஊரில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். இது மருந்து மாதிரி, எடையும் புஜ அளவும் பார்த்து டாக்டரோ நர்ஸோ கொடுக்க வேண்டியது. உங்கள் பையனுக்கு இட்லியும் முட்டையும் கடலை உருண்டையும் போதும்.