லைன் போனால் எங்கே போனது என்று சொல்லும் நெட்காரர்

நெட் லைன் எடுக்கும்போது எல்லோரும் வேகத்தைக் கேட்கிறார்கள், வாடகையைக் கேட்கிறார்கள். லைன் போனால் என்ன ஆனது என்று யார் சொல்வார்கள் என்பதையும் கேளுங்கள். திருப்பூர் பி.என். ரோட்டுப் பக்கம் எங்களுக்கு ஃபைபர் கொடுக்கும் லோக்கல் ஆபரேட்டரை நான் சிபாரிசு செய்வது அதற்காகத்தான்.

சின்ன பனியன் யூனிட். பில்லிங்கும் பையர் மெயிலும் என் பொறுப்பு. நெட் இல்லையென்றால் போன் ஹாட்ஸ்பாட்டில் இ-வே பில்லை எப்படியோ போட்டுத் தூத்துக்குடி வண்டியை அனுப்பிவிடலாம். பிரிண்டிங்குக்குப் போகும் ஆர்ட்வொர்க் ஃபைல் அதில் நகராது. அதனால் இவரிடம் ஒரு லைன், ஒரு பெரிய கம்பெனியிடம் ஒரு லைன் வைத்திருந்தோம். ஒருநாள் இரண்டு பெட்டியிலும் சேர்ந்தே சிவப்பு விளக்கு. பெரிய கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் எண் மட்டும் கிடைத்தது. இவருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ரெண்டு லைனும் ஒரே குழியிலதானுங்க வருது. பெருமாநல்லூர்கிட்ட குழாய்க்குத் தோண்டுன ஜேசிபி இழுத்துப்போட்டிருச்சு. அவங்க ஆளும் நம்ம ஆளும் அங்கதானுங்க நிக்கறாங்க. மூணு மணிக்கு மேல பாருங்க."

அப்படியே வந்தது. அடுத்த கம்பெனி லைனைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இந்தப் பக்கம் லைன் கொடுப்பவர்கள் எல்லோருமாக ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்களாம். தெருவுக்குத் தெரு வாடிக்கையாளரை இழுக்கப் போட்டி போடுகிறவர்கள்தான். ஆனால் கேபிள் அறுந்தால் முதலில் பார்த்தவர் போட்டோவும் லொகேஷனும் போட்டுவிடுகிறார். ஓடிடிஆர் மெஷின் ஒளியை அனுப்பி, அறுந்த இடம் எத்தனை மீட்டர் என்று காட்டும். ஆனால் அது கேபிளின் நீளம். கம்பத்துக்குக் கம்பம் சுருட்டி விட்டிருக்கும் கேபிளும் அதில் சேரும் என்பதால் ரோட்டில் இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எதிர்முனையில் இருந்து இன்னொருவர் அளந்து சொன்னால் தேடுகிற தூரம் குறைந்துவிடுகிறது.

லைன் அறுந்ததை வெளியே சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று சில கம்பெனிகள் பயப்படுகின்றன. மறைப்பவரை விட்டுத்தான் நான் ஓடுவேன். கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் என்ற பெரிய போன், நெட் கம்பெனியின் நெட்வொர்க் நாள் முழுக்கப் படுத்தபோது, டெபிட் கார்டு பணப்பரிமாற்றம் நின்றது, அவசர அழைப்புகள்கூடப் பலருக்குப் போகவில்லை. அரசு அழுத்திய பிறகு, போட்டிக் கம்பெனிகள் அவசரத்தில் ஒருவருக்கொருவர் உதவ அதே செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டன. இங்கே போன், நெட் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான டிராயின் 2024 விதிப்படி, மாவட்டம் முழுக்க 4 மணி நேரத்துக்கு மேல் சேவை போனால் கம்பெனி டிராய்க்குச் சொல்லியாக வேண்டும். பெருமாநல்லூரில் ஒரு குழியில் அறுந்தால் அந்தக் கணக்கில் வராது. தோண்டுபவர் முன்கூட்டியே தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு ஆப் விட்டது. திட்டமில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு வருடம் சுமார் 3000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது அரசே சொன்னது. எங்கள் ரோட்டு ஜேசிபிக்காரர்களிடம் அந்த ஆப் இன்னும் வந்து சேரவில்லை.

குறையும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் இவர் போனை எடுப்பதில்லை. சாயங்காலம் அப்லோட் வேகம் இறங்குகிறது. முக்கியமாக, அந்தக் குரூப்பில் வரும் தகவல் எங்களுக்குத் தானாக வராது, நாம்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரு வரி மெசேஜ் எல்லோருக்கும் போட்டால் எத்தனை யூனிட்டில் வேலையை மாற்றி வைத்துக்கொள்வார்கள்! அதைச் சொல்லியிருக்கிறேன், செய்வதாகச் சொன்னார். வாடகை ஜிஎஸ்டியோடு 826 ரூபாய், நியாயம்தான்.

இரண்டு லைன் எடுப்பவர்கள் இரண்டும் எந்த ரோடு வழியாக வருகின்றன என்று கேட்டுவிட்டு எடுங்கள். நாங்கள் பெரிய கம்பெனி லைனை நிறுத்திவிட்டு, பல்லடம் ரோடு வழியாக வரும் வேறொருவர் லைனை வாங்கினோம். அவர் போன் நம்பரைக் கொடுத்ததும் இவர்தான்.