மடிக்கணினியில் கணக்கில் வராத இடம்: காட்டும் கருவிகளும் அழிக்கும் கருவிகளும்

சி டிரைவில் உள்ள கோப்புறைகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்துக் கூட்டினால் 150 ஜிபி வருகிறது. அதே டிரைவின் பண்புகளைத் திறந்தால் 205 ஜிபி நிரம்பிவிட்டதாக விண்டோஸ் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் நிற்கும் 55 ஜிபிக்குக் கணக்குக் கேட்போர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பலர்: தைப்பூசக் காவடியை ஆண்டுதோறும் படம்பிடித்து வைக்கும் கோயில் நிர்வாகிகள், நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள், 1860-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்த முன்னோரின் பதிவேடுகளை ஸ்கேன் செய்து சேர்த்துவரும் குடும்பத்தார். இவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஏதேனும் ஒரு கிளீனர் செயலியை. அந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. இடத்தைப் பிடித்திருப்பது எது என்று காட்டும் கருவி முதலில் வர வேண்டும். அழிக்கும் கருவி அதன் பிறகு வர வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே செயலியிடம் ஒப்படைக்கக் கூடாது.

ஒரு விளக்கத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். 256 ஜிபி என்று விற்கப்பட்ட மடிக்கணினி 238 ஜிபி மட்டுமே காட்டினால் எதுவும் தொலைந்துவிடவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் அதை 1,07,37,41,824 பைட் என்று எண்ணுகிறது.

காட்டும் கருவிகளில் முதலாவது விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் உள்ள ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து, எல்லா வகைகளையும் விரித்துப் பார்த்தால், இயங்குதளத்துக்கென ஒரு தனி வரி தென்படும். அதைச் சொடுக்கினால் ஹைபர்னேட் கோப்பு (கணினியை அணைக்கும்போது திறந்திருக்கும் வேலையைக் காத்துவைப்பது), நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் மெய்நிகர் நினைவகம், பழுதானால் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் மீட்புப் புள்ளிகள், 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் '1903' பதிப்பிலிருந்து புதிய கணினிகளில் விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிவைக்கும் சுமார் 7 ஜிபி ஆகியவை தனித்தனி எண்களாக வந்து நிற்கும். எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் தனக்கு வகை தெரியாத கோப்புகளையெல்லாம் 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் இது குவித்துவிடுகிறது. நம் கேள்விக்கான விடை பல வேளைகளில் அந்தக் குவியலுக்குள்தான் இருக்கும்.

இரண்டாவது வின்டிர்ஸ்டாட். இது திறமூல மென்பொருள் என்பதால் வீடு, அலுவலகம், கோயில் என எங்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கோப்புகளை அவற்றின் அளவுக்கேற்ற வண்ணக் கட்டங்களாக இது வரைந்து காட்டுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் 'அறியப்படாதது' என்றொரு வரியைக் காட்டச் சொல்லும் வாய்ப்பு. டிரைவில் நிரம்பிய மொத்தத்துக்கும் தன்னால் எண்ண முடிந்த கோப்புகளின் கூட்டுத்தொகைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அது மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. கோப்புறை கோப்புறையாக நுழைந்து எண்ணும்போது, நுழைய அனுமதியில்லாத கோப்புறைகளின் முன் இது நின்றுவிடும்.

மூன்றாவதான விஸ்ட்ரீ வேறு வழியில் செல்கிறது. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை டிரைவுகளில் எல்லாக் கோப்புகளின் பெயரும் அளவும் ஒரு தலைமை அட்டவணையில் பதிவாகியிருக்கும். விஸ்ட்ரீ அந்த அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் வேலையை முடித்துவிடுகிறது. மீட்புப் புள்ளிகளைத் தாங்கிய, கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் கதவு திறக்காத, 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' கோப்புறையின் எடையும் அதில் தெரிந்துவிடும். அதை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறக்க வேண்டும் என்பது முக்கியம்; இல்லாவிட்டால் அந்த அட்டவணையை அது தொட முடியாது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், வணிக அலுவலகத்துக்கு உரிமம் வேண்டும். வீட்டுக் கணினியில் காரணம் தெரியாத இடத்தைத் தேடுவோருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். வின்டிர்ஸ்டாட் 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று சொல்லி நிறுத்தும் இடத்தில், விஸ்ட்ரீ பெரும்பாலும் அதன் பெயரையே சொல்லிவிடுகிறது.

எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், விண்டோஸ் தன் கூறுகளைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. விண்டோஸின் ஒரே கோப்பு அங்கும் வேறிடத்திலும் இரு பெயர்களில் பதிந்திருப்பதால், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அதை இருமுறை எண்ணி உண்மையைவிடப் பெரிய அளவைக் காட்டுகிறது. அதில் கைவைத்து அழித்தால் இயங்குதளமே பழுதாகும்.

காரணம் தெரிந்தபின் எதை விடுவிப்பது என்பது நாட்டையும் பொறுத்தது. ஹைபர்னேட் கோப்பு இயல்பாக நினைவகத்தின் (ரேம்) 40 சதவீத அளவுக்கு அமைகிறது. 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அது சுமார் 6.4 ஜிபி. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பலவும் இதை அணைத்துவிடச் சொல்கின்றன. தென்னாப்பிரிக்காவில் இருப்போர் ஒருமுறை யோசிக்க வேண்டும். 2023-இல் அரசு மின் நிறுவனமான எஸ்காம் அன்றாடம் பல மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தியதை இங்கு யாரும் மறக்கவில்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட்ஷெடிங் எனப்படும் இந்த மின்வெட்டு பெருமளவு ஓய்ந்தாலும், பேட்டரி தளர்ந்த பழைய மடிக்கணினியில் மின்சாரம் போய் பேட்டரியும் வற்றும் கட்டத்தில், திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிக் காப்பது இந்தக் கோப்புதான். ஆறு ஜிபிக்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மீட்புப் புள்ளிகளின் கதை வேறு: சிஸ்டம் புரொடெக்‌ஷன் பகுதியில் அவற்றுக்கான உச்சவரம்பைக் குறைத்துவிட்டால், பழையவை தாமாகவே கழிந்துவிடும், பெரிய இழப்பு ஏதுமில்லை.

அழிக்கும் கருவிகளுக்கு வருவோம். டிஸ்க் கிளீனப் மிகப் பழையது. 2018-லேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆயினும் அதில் சிஸ்டம் கோப்புகளுக்கான பொத்தானை அழுத்தினால், பழைய அப்டேட்டுகளின் மிச்சமும், பெரிய மேம்பாட்டுக்குப் பின் தங்கும் விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையும் பத்திரமாக நீங்கும். அந்தக் கோப்புறை பத்து நாளில் தானாகவே மறையக்கூடியது என்பதால் அவசரமில்லாதோர் காத்திருக்கலாம். ஸ்டோரேஜ் பக்கத்தின் தற்காலிகக் கோப்புகள் பட்டியலும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் ஒரு வரியாக நிற்கிறது. அதற்கெதிரே குறி இடப்படாமல்தான் வரும். எல்லாவற்றையும் வரிசையாகக் குறியிட்டுக்கொண்டே போகும் கை அதையும் தொட்டுவிடும். தேவையற்ற கோப்புகளைத் தானாகவே நீக்கும் விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸை, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கோயில் அலுவலகக் கணினிக்கு நான் விரும்புவேன்.

கிளீனர் செயலிகளை நான் இவற்றோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவை பெருமையோடு சுத்தம் செய்யும் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் தொகுப்பு, சில நூறு எம்பிக்கு மேல் போவதே அரிது. அங்கே ஜிபிகள் ஒளிந்திருக்க இடமில்லை. உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்தால் இடம் கிடைப்பது உண்மை, ஆனால் அடுத்த வாரத்துக்குள் அது மறுபடியும் நிரம்பும். மொபைல் டேட்டாவைக் காசு கொடுத்து வாங்குவோர் அதே பக்கங்களை மீண்டும் இறக்கச் செலவிட வேண்டும். பாதுகாப்பும் ஒரு பொருட்டு: 2017-இல் பெரும் புகழ்பெற்ற சிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே ஊடுருவலாளர்கள் தீநிரலைச் செருகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது.

இத்தனையும் செய்த பிறகும் பெரும்பகுதி நம் சொந்தக் கோப்புகளே என்று விஸ்ட்ரீ காட்டினால் வியப்பில்லை. ஏ4 அளவுப் பதிவேட்டுப் பக்கம் ஒன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில், சுருக்கமில்லாத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 104 எம்பி. ஆயிரம் பக்கங்களுக்கு 100 ஜிபியைத் தாண்டும். தரம் சிறிதும் குறையாத எல்இசட்டபிள்யூ சுருக்கத்தைத் தேர்ந்தால் கணிசமாகக் குறையும். வாசிக்க மட்டும் வேண்டிய படிக்கு 300 டிபிஐ போதும், அளவு நான்கில் ஒரு பங்காகிவிடும். காவடி வீடியோக்களை வெட்டித் தொகுப்போர், தொகுப்பு மென்பொருள் மறைவான ஆப்டேட்டா கோப்புறைக்குள் சேர்த்துவைக்கும் கேஷ் என்னும் தற்காலிகக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். அவற்றை மென்பொருளின் அமைப்புகளிலிருந்தே அழிக்கலாம். தேவைப்பட்டால் அது மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

வெளியே நகர்த்துவதில் ஒன்டிரைவும் வெளிப்புற டிஸ்க்கும் போட்டியிடுகின்றன. ஒன்டிரைவில் கோப்பின் பெயர் கணினியில் தெரிந்தபடியே இருக்க, உள்ளடக்கம் மட்டும் மேகத்துக்குப் போய்விடும், திறக்கும்போது இறங்கும். இலவச அளவு 5 ஜிபி மட்டுமே, கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும். வீட்டில் ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு இது வசதி; கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்போருக்குப் பெரிய வீடியோக்களை ஏற்றுவதே பெருஞ்செலவு. அவர்களுக்கு 1 டிபி வெளிப்புற டிஸ்க்தான் ஏற்றது. ஆனால் கணினியிலிருந்து அழித்தபின் டிஸ்க்கில் மிஞ்சுவது ஒரே படி என்பதால் இரண்டு டிஸ்க்குகள் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் வீடுகளோடு உள்ளிருந்ததையும் அடித்துச் சென்றதை எண்ணி, இரண்டாவதை வேறு பகுதியில் வசிக்கும் உறவினர் வீட்டில் வைப்பது நலம்.

128 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் இவற்றில் எதுவும் நெடுநாள் தாங்காது. அங்கே உள்ளிருக்கும் சேமிப்பகமான எஸ்எஸ்டியையே மாற்றுவது மேல். ஆனால் மெல்லிய மாடல்கள் சிலவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், பணம் கொடுக்கும் முன் மாடல் எண்ணைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, கழற்றக்கூடியதுதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.