1884-எஸ் மார்கன் டாலருக்கு மறுதரம் கேட்கலாமா? பிசிஜிஎஸ் சேவைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

தரம் குறிக்கப்பட்டு பிளாஸ்டிக் உறைக்குள் மூடப்பட்ட நாணயத்தைத் திரும்ப அனுப்பி, அதற்கு இன்னும் உயர்ந்த தரம் கேட்பதற்கு, நாணயங்களைப் பரிசோதித்துத் தரம் குறிக்கும் அமெரிக்க நிறுவனமான பிசிஜிஎஸ்-இல் இரண்டு சேவைகள் உள்ளன. 'ரீகன்சிடரேஷன்' சேவையில் நாணயத்தை உறையோடு வைத்தே பரிசோதிக்கிறார்கள். தரம் உயரும் என்று முடிவானால் மட்டுமே உறையைத் திறக்கிறார்கள். 'ரீகிரேட்' சேவையில் முதலிலேயே வெளியே எடுத்து, புதிதாக வந்த நாணயத்தைப் போல மதிப்பிடுகிறார்கள். இவை இரண்டையும் விட்டுவிட்டு, தாங்களே உறையை உடைத்து வெறும் நாணயமாக அனுப்பிப் பார்க்கும் சேகரிப்பாளர்களும் நிறைய உண்டு. என்னிடம் ஏயூ 58 தரத்தில், அதாவது மிகச் சிறிதளவே தேய்ந்த நிலையில் உள்ள 1884-எஸ் மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயத்துக்காக இம்மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தேன். பெரும்பாலோருக்கு முதல் சேவையே போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

'எஸ்' என்ற எழுத்தால் குறிக்கப்படும் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலை 1884-இல் 32 லட்சம் வெள்ளி டாலர்களை அச்சிட்டது. அவற்றில் பெரும்பகுதி புழக்கத்துக்குப் போய்த் தேய்ந்துவிட்டதால், புழங்காத நிலையில் இந்த நாணயம் கிடைப்பது மிக அரிது. அதனால்தான் ஏயூ 58-க்கும், புழங்காத நாணயங்களுக்குரிய எம்எஸ் 60-க்கு மேற்பட்ட தரங்களுக்கும் நடுவே விலை பல மடங்கு தாவுகிறது. மறுதரம் கேட்கும் ஆசைக்கும் அதுவே காரணம். 1881-எஸ் டாலரின் கதை வேறு. அது நல்ல நிலையில் ஏராளமாகக் கிடைப்பதால், எம்எஸ் 64-லிருந்து 65-க்கு உயர்ந்தாலும் கிடைக்கும் லாபத்தைச் சேவைக் கட்டணமும் இருவழிக் காப்பீட்டு அஞ்சல் செலவும் விழுங்கிவிடும். அத்தகைய நாணயத்தை அனுப்பவே வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். புழங்காத வெள்ளியில் ஒளி சக்கரத்தின் ஆரங்களைப் போலத் தடையின்றிச் சுற்றிவரும்; தேய்ந்த இடத்தில் அது சட்டென்று அறுபட்டு, அங்கே மங்கிய சாம்பல் நிறம் தெரியும். மார்கன் டாலரில் முதலில் தேய்பவை சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள முடியும், பின்புறத்துக் கழுகின் மார்பும். கன்னத்தில் உள்ள கீறல்கள் வேறு வகை. இந்த டாலர்களை ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் போட்டு வைத்ததால் ஒன்றோடொன்று உரசி விழுந்த தழும்புகள் அவை. எம்எஸ் வரிசைக்குள் தரத்தைக் குறைக்குமே தவிர, நாணயம் புழக்கத்தில் இருந்தது என்பதற்குச் சான்றாகா. கீறல் உறையின் மேல் உள்ளதா, வெள்ளியின் மேல் உள்ளதா என்ற ஐயம் எழுந்தால், உறையைச் சற்றே சாய்த்தால் போதும். பிளாஸ்டிக்கில் விழுந்த கோடு நாணயத்தின் உருவத்தை விட்டு நகர்ந்துவிடும்.

என் நாணயத்தில் கழுகின் மார்பு முழுப் பளபளப்போடு இருந்தது. காதுக்கு மேலே மட்டும் ஒரு சிறு மங்கல். அது அச்சு சரியாக விழாததால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா என்று என்னால் அறுதியிட முடியவில்லை. இப்படிப்பட்ட ஐயத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது ரீகன்சிடரேஷன் சேவை. கட்டணம் போகும், தரம் உயர்ந்தால் புதிய மதிப்புக்கேற்பக் கூடுதல் தொகையும் கட்ட வேண்டும். ஆனால் இருக்கும் தரம் இறங்காது. உறையை உடைத்து அனுப்பினாலோ பழைய தரத்துக்கான உத்தரவாதம் அந்தக் கணமே போய்விடுகிறது. தரம் 55-க்கு இறங்கலாம். அதைவிட மோசமாக, சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடு எண்ணே இல்லாமல் திரும்பலாம். அப்படித் திரும்பிய நாணயத்தை விற்பது பெரும்பாடு.

உறையை உடைப்பதால் இன்னொரு கெடுதலும் உண்டு. உறைக்குள் இருந்த பழைய தரச்சீட்டை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பாமல் ஒரே நாணயத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால், நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில் அந்த ஒரு நாணயமே பலவாகப் பதிவாகிறது. அரிய நாணயம் அரிதல்ல என்ற தோற்றம் உண்டாகி, அதை வைத்திருக்கும் எல்லோரும் பாதிக்கப்படுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம்.

1980-களின் பிற்பகுதியைச் சேர்ந்த பழைய பிசிஜிஎஸ் உறைகளுக்கென்றே தனி மதிப்பு இருக்கிறது. ஏற்கெனவே தரமிட்ட நாணயங்களை மறுபரிசோதனை செய்து வில்லை ஒட்டும், 2007-இல் தொடங்கிய சிஏசி நிறுவனத்தின் தங்க வில்லை ஒட்டப்பட்ட நாணயத்தை, குறித்திருக்கும் தரத்தைவிட மேலானது என்று சந்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற விலையும் கொடுக்கிறது. இவ்விரண்டில் ஒன்று இருந்தால் நான் எந்தச் சேவைக்கும் அனுப்பமாட்டேன்.

என் டாலர் ரீகன்சிடரேஷன் முடிந்து அதே ஏயூ 58 தரத்தில் திரும்பியது. அந்த மங்கல் தேய்மானமே என்று ஏற்றுக்கொள்கிறேன். தேர்ந்த வணிகர் ஒருவரிடம் நேரில் காட்டி, அவரும் அடுத்த தரத்துக்கு வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி, விலை வித்தியாசம் மொத்தச் செலவைப்போல் பல மடங்காக இருந்தால், வேறொரு நாணயத்துக்கும் இதே சேவையைப் பயன்படுத்துவேன்.